அலைநீளம் மாற்றும் ஒளி வடிப்பானை விண்வெளிக்கு உகந்ததாக உருவாக்குவது எப்படி?

செயற்கைக்கோளில் இருந்து பயிரையும் நீரையும் கனிமத்தையும் பிரித்தறிய வேண்டுமானால், ஒரே காட்சியைப் பல அலைநீளப் பட்டைகளில் படமெடுக்க வேண்டும். பட்டைக்கு ஒரு கண்ணாடி வடிப்பான் வீதம் சக்கரத்தில் பொருத்தி மோட்டாரால் சுழற்றுவது பழைய முறை. மின்கட்டளை ஒன்றினால் தன் அலைநீளத்தையே மாற்றிக்கொள்ளும் வடிப்பான் அந்தச் சக்கரத்தின் இடத்தைப் பிடிக்கும்போது, எடையும் இடமும் மிச்சமாவதோடு, எந்தப் பட்டைகளைப் படமெடுப்பது என்பதை ஏவிய பிறகும் தீர்மானித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் ஆய்வக மேசையில் அழகாக வேலை செய்யும் அதே வடிப்பான், ஏவுகலத்தின் உதறலுக்கும் வெற்றிடத்துக்கும் வெப்ப ஏற்ற இறக்கத்துக்கும் ஆளான பிறகு எந்த அலைநீளத்தில் நிற்கிறது என்பதே பெருங்கேள்வி. தாழ் புவிச் சுற்றுப்பாதையில் செல்லும் ஒரு சிறு செயற்கைக்கோளுக்கு இத்தகைய வடிப்பானை உருவாக்க முனையும் குழுவுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சிறிதும் நகராத வடிப்பானைச் செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்; எவ்வளவு நகர்ந்தது என்று தானே அளந்து சொல்லும் வடிப்பானைச் செய்யுங்கள் என்பதுதான் இதில் வரும் ஒவ்வொரு யோசனைக்கும் அடிப்படை.

தேவையை எண்ணில் எழுதுங்கள்

வடிப்பானின் வகையைத் தேர்ந்தெடுக்கும் முன், பட்டை அகலம், அலைநீளத் துல்லியம், ஒரு பட்டையில் இருந்து அடுத்த பட்டைக்கு மாறும் நேரம் ஆகிய மூன்றையும் எண்ணாக எழுதி வைக்க வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளுக்கு நேர் கீழே உள்ள புள்ளி தரையில் நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டரைக் குறிக்குமானால், அந்தத் தூரத்தைக் கடக்க 4 மில்லிநொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். வடிப்பான் பட்டை மாற 50 மில்லிநொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் தரை 350 மீட்டர் நகர்ந்துவிடும். அடுத்தடுத்த பட்டைகளின் படங்கள் ஏறத்தாழ பன்னிரண்டு பிக்சல் விலகி நிற்கும். இந்த விலகலைப் பின்னர் கணினியில் சரிசெய்து பொருத்தலாம், அல்லது செயற்கைக்கோளையே திருப்பி ஒரே இடத்தை உற்றுநோக்கச் செய்யலாம். எந்த வழியில் போகப் போகிறீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யாவிட்டால், வடிப்பான் தேர்வு முழுவதும் பின்னால் கையைக் கடிக்கும்.

எந்த வகை?

நடைமுறையில் மூன்று வகைகளே விண்வெளியில் போதிய அனுபவம் பெற்றவை. முதலாவது ஒலி-ஒளி வடிப்பான். டெல்லூரியம் டைஆக்சைடு படிகத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டப்பட்ட ஒலியெழுப்பிக்கு மெகாஹெர்ட்ஸ் அளவிலான மின்னலையைக் கொடுத்தால், படிகத்தினுள் ஓடும் ஒலியலை குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் வேறு திசையில் பிரித்துவிடும். அதிர்வெண்ணை மாற்றினால் அலைநீளம் மாறும். அசையும் உறுப்பு ஏதும் இதில் இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலம் 2003-ல் சுமந்து சென்ற ஸ்பைகாம் கருவியின் அகச்சிவப்புப் பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் சூப்பர்கேம் கருவியும், சந்திரயான்-3 திட்டத்தின் உந்துவிசைக் கலத்தில் இருந்து பூமியைப் பார்த்த ஷேப் கருவியும் இதே வழியைப் பின்பற்றின.

இரண்டாவது ஃபேப்ரி-பெரோ வடிப்பான்: எதிரெதிரே நிற்கும் இரண்டு பகுதி பிரதிபலிக்கும் ஆடிகள், அவற்றுக்கு இடையே மிகச் சிறு இடைவெளி. பின்லாந்தின் விடிடி ஆய்வு நிறுவனம், மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ உந்திகளால் இடைவெளியை மாற்றும் வடிப்பானைச் சிறு செயற்கைக்கோள்களுக்கு ஏற்பச் சுருக்கியது. அதைக் கொண்ட ஆல்டோ-1 செயற்கைக்கோள் 2017 ஜூன் 23 அன்று பிஎஸ்எல்வி-சி38 ஏவுகலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தே புறப்பட்டது.

மூன்றாவது திரவப் படிக வடிப்பான். ஜப்பானின் ரைசிங்-2, பிலிப்பைன்ஸின் திவாட்டா-1 ஆகிய 50 கிலோ அளவிலான செயற்கைக்கோள்கள் இதைக் கொண்டு பல பட்டைகளில் படமெடுத்தன. மின்னழுத்தம் குறைவாக இருந்தாலே இது இயங்கிவிடும். ஆனால் பல அடுக்குகளைக் கடப்பதில் ஒளி வெகுவாகக் குறைகிறது, குளிரில் திரவம் தடித்துப் பட்டை மாறும் நேரம் நீள்கிறது, புற ஊதாக் கதிரும் அதற்கு ஆகாது. வெப்பநிலையை இறுக்கமாகக் கட்டுப்படுத்த வழியும், தரையை உற்றுநோக்கும் வசதியும் இருந்தால் மட்டுமே இதை எடுத்துக்கொள்வது நல்லது.

புள்ளி ஒன்றின் நிறமாலையை அளப்பதே நோக்கமானால் ஒலி-ஒளி வடிப்பானையும், படம் வேண்டுமானால் ஃபேப்ரி-பெரோவையும் தேர்ந்தெடுப்பதே சிறு குழுவுக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஒலி-ஒளி வடிப்பானாலும் படமெடுக்கலாம்தான். ஆனால் அலைநீளம் மாறும்போது படம் சற்றே இடம்பெயர்வதும், பட்டையின் இரு பக்கமும் எழும் துணை முகடுகள் வழியே வேற்று ஒளி கசிவதும், தரவைத் திருத்துபவருக்கு முடிவில்லாத வேலையைக் கொடுக்கும். இனி வருவதில் பெரும்பகுதி ஃபேப்ரி-பெரோவைப் பற்றியது. அசையும் ஆடி அதில்தான் இருக்கிறது என்பதால், உறுதிப்படுத்தும் வேலையும் அதில்தான் மிகுதி.

இடைவெளி: எல்லாம் அடங்கியிருக்கும் இடம்

இடைவெளியின் இரு மடங்கை வரிசை எண்ணால் (அந்த இரு மடங்கில் அடங்கும் முழு அலைகளின் எண்ணிக்கையால்) வகுத்தால் கடந்து செல்லும் அலைநீளம் கிடைக்கும். இரண்டாம் வரிசையில் 600 நானோமீட்டர் ஒளி வேண்டுமானால் இடைவெளியும் 600 நானோமீட்டர். ஆடிகளின் பிரதிபலிப்பு 90 விழுக்காடாக இருந்தால் பட்டை அகலம் சுமார் 10 நானோமீட்டராக அமையும். தாவரங்களையும் நீர்நிலைகளையும் கவனிக்க இது பெரும்பாலும் போதும். அதே இடைவெளியில் மூன்றாம் வரிசை 400 நானோமீட்டரிலும் முதல் வரிசை 1200 நானோமீட்டரிலும் ஒளியைக் கடத்தும் என்பதால், அவற்றை அடைக்கும் தடை வடிப்பான்களையும் உணரியின் உணர்வெல்லையையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும். லென்ஸின் ஒளிக்கூம்பையும் மறக்கக் கூடாது. எஃப்/4 கூம்பின் (குவியத் தூரம் லென்ஸின் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு) விளிம்புக் கதிர் ஏறத்தாழ 7 டிகிரி சாய்வாக வருவதால், 600 நானோமீட்டரில் அதன் அலைநீளம் 4 நானோமீட்டருக்கு மேல் குறுகிவிடும். 10 நானோமீட்டர் பட்டைக்கு இது பொறுத்துக்கொள்ளக் கூடியது. 1 நானோமீட்டர் பட்டையை விரும்புபவர் அந்தக் கூம்பை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

இப்போது ஆடியைத் தாங்கும் அமைப்பின் இயல்பு அதிர்வெண்ணைக் கணக்கிடுங்கள். அசையும் ஆடியும் அதன் தாங்கியும் சேர்ந்து 1 கிலோஹெர்ட்ஸில் அதிர்வதாக வைத்துக்கொண்டால், பூமியின் ஈர்ப்பு ஒன்றே அந்த ஆடியைச் சுமார் 250 நானோமீட்டர் கீழிறக்கும். ஆய்வகத்தில் அந்த இறக்கத்தோடு அளவீடு செய்த வடிப்பான், சுற்றுப்பாதையில் எடையற்ற நிலைக்குப் போனதும் முற்றிலும் வேறு அலைநீளத்தில் நிற்கும். இயல்பு அதிர்வெண் 5 கிலோஹெர்ட்ஸாக உயர்ந்தால் இறக்கம் 10 நானோமீட்டராகச் சுருங்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஏவுதலின் தற்செயல் அதிர்வுச் சோதனை 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கிறது. அந்த எல்லைக்குள் இயல்பு அதிர்வெண் விழுந்தால் ஒத்ததிர்வால் ஆடி பல பத்து மைக்ரோமீட்டர் ஆடி, எதிர் ஆடியில் மோதும். எனவே 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ் எதையும் ஏற்காதீர்கள். 4 அல்லது 5 கிலோஹெர்ட்ஸைக் குறிவையுங்கள். ஆடியை மெல்லியதாகவும் சிறியதாகவும் ஆக்குவதும், அசையும் பகுதியில் தேவையற்ற உலோக வளையங்களைத் தவிர்ப்பதுமே அதற்கு நேர்வழி.

5 கிலோஹெர்ட்ஸ் இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. நாசாவின் கோடார்டு மையத்தின் பொதுச் சோதனைத் தரநூல் 22.7 கிலோ வரையிலான கருவிகளுக்கு விதிக்கும் தகுதிச் சோதனை 14.1 ஜி ஆர்எம்எஸ், அதாவது சராசரி (ஆர்எம்எஸ்) அளவில் ஈர்ப்பு முடுக்கத்தின் 14.1 மடங்கு. அதன் மும்மடங்கு உச்சத்தைக் கணக்கில் எடுத்தால் ஆடி 400 நானோமீட்டருக்கு மேல் அசையும். 600 நானோமீட்டர் இடைவெளியில் இது மோதலின் விளிம்பு. ஆகவே மின்சாரம் இல்லாதபோது ஆடிகள் சில மைக்ரோமீட்டர் விலகி நிற்கவும், மின்னழுத்தம் கொடுத்த பிறகே வேலைசெய்யும் இடைவெளிக்கு நெருங்கவும் பீசோ உந்திகளை அமைக்க வேண்டும். ஏவுதலின்போது கருவி அணைந்திருக்கும் என்பதால், எந்தப் பூட்டும் இல்லாமலே ஆடிகள் பாதுகாப்பான தூரத்தில் இருக்கும். ஏவுதலுக்கென்று தனிப் பூட்டு வைக்கும் யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. நானோமீட்டர் அமைப்பு ஒன்றில் பூட்டைத் திறக்கும் உறுப்பே புதிய ஆபத்தாகிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆடிகளின் விளிம்பில், ஒளி படாத இடத்தில், சிறு தடுப்பு மேடுகளை அமைப்பது மட்டும் நல்ல காப்பீடு.

பீசோ உந்திகளுக்கு நினைவும் சோம்பலும் உண்டு: ஒரே மின்னழுத்தத்துக்கு ஏறும்போது ஒரு நிலையும் இறங்கும்போது வேறொரு நிலையும் காட்டும், நிறுத்திய பிறகும் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும், குளிரில் நீட்சி குறையும். எனவே மின்னழுத்தத்தை நம்பி அலைநீளத்தை நிர்ணயிக்கவே கூடாது. ஆடிகளின் அடித்தளக் கண்ணாடியிலேயே மூன்று மின்தேக்கித் தகடுகளைப் பூசி, இடைவெளியை நேரடியாக அளந்து, மூன்று உந்திகளையும் தனித்தனியே திருத்தும் மூடிய கட்டுப்பாட்டுச் சுற்று கட்டாயம் வேண்டும். மூன்று என்பது இடைவெளியோடு இணைத்தன்மையையும் காப்பதற்காக. தகடுகளைப் பீசோவின் மேலோ சட்டத்தின் மேலோ வைத்தால் ஆடியின் நிலையை அல்ல, சட்டத்தின் நிலையைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

அளவீட்டின் நுணுக்கத்தை ஒருமுறை எண்ணில் பார்ப்பது நல்லது. 25 சதுர மில்லிமீட்டர் தகடுகள், ஆடிப் பரப்பைவிடப் பின்தள்ளி, 10 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நின்றால் மின்தேக்குத்திறன் சுமார் 22 பிக்கோஃபாரட். 1 நானோமீட்டர் அசைவு அதை மாற்றுவது 2 ஃபெம்டோஃபாரட் அளவுக்கே. ஆகவே அளக்கும் மின்சுற்று வடிப்பானுக்கு அருகிலேயே இருக்க வேண்டும்; கம்பிகள் கவசமிட்டு, அசையாதபடி கட்டப்பட வேண்டும், ஏனெனில் கம்பி ஒன்று சற்றே இடம் மாறினாலும் அதை ஆடியின் அசைவாகவே சுற்று எடுத்துக்கொள்ளும். காற்றின் மின்காப்புத் தன்மையும் இங்கே குறுக்கிடுகிறது. காற்றுக்கும் வெற்றிடத்துக்கும் இடையே அதன் வேறுபாடு சுமார் 0.06 விழுக்காடுதான்; ஆனால் 10 மைக்ரோமீட்டரில் அது 6 நானோமீட்டர். கட்டுப்பாட்டுச் சுற்று மின்தேக்குத்திறனை மாறாமல் காப்பதிலேயே குறியாக இருப்பதால், வெற்றிடத்தில் ஆடிகளை அந்த அளவு நெருக்கிவிடும். இரண்டாம் வரிசையில் அலைநீளமும் அதே 6 நானோமீட்டர் தவறும். காற்றின் ஒளிவிலகல் எண்ணால் வரும் மாற்றம் 600 நானோமீட்டரில் 0.16 நானோமீட்டரே, எல்லாரும் அதைத் திருத்துகிறார்கள், பெரியதை விட்டுவிடுகிறார்கள். இறுதி அளவீட்டு அட்டவணை வெற்றிட அறைக்குள் எடுக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

பொருளும் பூச்சும் பசையும்

ஆடிகளுக்கு இடையிலான இயந்திரப் பாதையில் 5 மில்லிமீட்டர் நீள டைட்டேனியம் இருந்தால், ஒரு டிகிரி வெப்பநிலை மாற்றத்துக்கு 43 நானோமீட்டர் நீளும். அதே நீளம் உருக்கிய சிலிக்காவாக இருந்தால் 3 நானோமீட்டருக்கும் குறைவு. மூடிய சுற்று இதைத் திருத்தும் என்பது உண்மைதான், ஆனால் பீசோவின் நீட்சி எல்லையில் பெரும்பங்கு வெப்பத்துக்கே செலவாகிவிட்டால் பட்டைகளை மாற்ற எஞ்சுவது குறைவு. தாழ் சுற்றுப்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெயிலும் நிழலும் மாறி மாறி வருவதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இடைவெளியைத் தீர்மானிக்கும் துண்டுகளை உருக்கிய சிலிக்காவிலும், வெளிச்சட்டத்தை இன்வார் (வெப்பத்தில் மிகக் குறைவாக விரியும் உலோகக்கலவை) அல்லது டைட்டேனியத்திலும் செய்து, இரண்டையும் வளைந்துகொடுக்கும் மெல்லிய தாங்கிகளால் இணைப்பது பொருத்தமான ஏற்பாடு.

பூச்சு வாங்கும்போது அயனிக்கற்றைச் சிதறல் முறையில் படியவைத்த அடர்ந்த அடுக்குகளையே கேளுங்கள். சாதாரண ஆவிப்படிவு முறையில் உருவாகும் அடுக்குகள் நுண்துளைகள் நிறைந்தவை; ஆய்வகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். வெற்றிடத்தில் அந்த ஈரம் வெளியேறியதும் பட்டை குறுகிய அலைநீளம் நோக்கிச் சில நானோமீட்டர் நகரும். தடை வடிப்பான்களுக்கும் இது பொருந்தும். ஆடிகளில் அக்கறை காட்டிவிட்டுத் தடை வடிப்பானை விலைப்பட்டியலில் இருந்து எடுத்துப் பொருத்தினால், மூடிய சுற்றின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள அந்த உறுப்புதான் நகரும்.

பசைகளில், 125 டிகிரி செல்சியஸ் வெற்றிடத்தில் 24 மணி நேரம் வைத்துச் செய்யும் தரச் சோதனையில் மொத்த எடையிழப்பு 1 விழுக்காட்டுக்கும், உறைந்து படியும் ஆவி 0.1 விழுக்காட்டுக்கும் உட்பட்டவற்றையே பயன்படுத்துங்கள். ஆடிகளுக்கு மிக அருகில் இருக்கும் பசைக்கு இந்த வரம்பும் போதாது. பொருத்தும் முன் உறுப்பை வெற்றிடத்தில் சூடாக்கிப் பதப்படுத்திவிடுவது அவசியம். மூடிய அறைகள் எல்லாவற்றுக்கும் காற்று வெளியேறச் சிறு துளை வேண்டும்.

திரவம் நிரப்பிய ஒளியுறுப்புகளை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பதற்கு ஜப்பானின் ஹினோடே சூரிய ஆய்வுக் கலம் சான்று. 2006-ல் ஏவப்பட்ட அதன் மாற்று வடிப்பானுக்குள், ஒளிவிலகல் எண்ணைச் சமப்படுத்துவதற்காக நிரப்பப்பட்ட திரவத்தில் குமிழிகள் தோன்றிப் படத்தின் சில பகுதிகளை மறைத்தன. வடிப்பான் அடுக்குகளைச் சுழற்றினால் குமிழிகளும் இடம்பெயர்ந்ததால், அலைநீளம் மாற்றுவதையே கட்டுப்படுத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. தலைசிறந்த குழுவொன்று கட்டிய கருவியிலேயே இது நேர்ந்தது.

ஒலி-ஒளி வடிப்பானைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு

ஆடி இல்லாததால் உங்கள் வேலை எளிது. ஆனால் வெப்பம் உங்களைத் துரத்தும். ஒலியெழுப்பிக்குக் கொடுக்கும் ஒன்றிரண்டு வாட் திறனில் பெரும்பகுதி படிகத்திலேயே வெப்பமாக முடிகிறது. ஆய்வகத்தில் அதைக் காற்று கொண்டுபோய்விடும்; வெற்றிடத்தில் கடத்தல் வழி மட்டுமே உண்டு. படிகம் சூடேறினால் ஒலியின் வேகம் மாறி, அதே அதிர்வெண்ணுக்கு வேறு அலைநீளம் வரும். ஆகவே படிகத்தின் ஒலி உறிஞ்சும் முனையில் இருந்து சட்டத்துக்கு நல்ல வெப்பப் பாதையும், படிகத்தின் மேலேயே வெப்பநிலை உணரியும் வைத்து, அளந்த வெப்பநிலைக்கேற்ப அதிர்வெண்ணைத் திருத்துங்கள். டெல்லூரியம் டைஆக்சைடு மென்மையானது, திசைக்குத் திசை வேறுபட்டு விரிவடைவது. திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும். இறுகப் பிடிக்காமல் நெகிழ்வான பசைத் திட்டுகளில் அமர்த்த வேண்டும். இவ்வகையின் பெரும் அனுகூலம் ஒன்றைத் தவறவிடாதீர்கள்: மின்னலையை அணைத்தால் வடிகட்டிய ஒளி முற்றிலும் நின்றுவிடும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒருமுறை அணைத்து எடுத்த அளவீட்டைக் கழித்தால், சிதறொளியும் உணரியின் இருள் மின்னோட்டமும் ஒருசேர நீங்கிவிடும்.

சோதிக்கும் வரிசை

முதலில் சாதாரண அறையில் முழு நிறமாலை அளவீடு, பிறகு அதிர்வு, பிறகு அதிர்ச்சி, பிறகு வெப்ப-வெற்றிடச் சுழற்சி. ஒவ்வொன்றுக்கும் இடையே முதல் அளவீட்டையே அதே விளக்கு, அதே அமைப்புடன் திரும்பச் செய்ய வேண்டும். பாதரச விளக்கின் 546.07, ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் கோடுகள் இதற்குப் போதும். அதிர்வு மேடையில் ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் குறைந்த அளவு சைன் அலையால் இயல்பு அதிர்வெண்ணைத் தேடிப் பாருங்கள். அது சிறிதளவு இறங்கியிருந்தாலும் எங்கோ பசை விட்டிருக்கிறது அல்லது திருகு தளர்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும், ஒளியளவீடு சரியாகத் தெரிந்தாலும் கூட. ஈர்ப்பின் பங்கைப் பிரித்தறிய, வடிப்பானின் அச்சை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் கிடைமட்டமாகவும் வைத்து அளவிடுங்கள். மேலும் கீழுமான இரு அளவீடுகளின் நடு எடையற்ற நிலைக்கு நெருக்கமானது.

வெப்ப-வெற்றிட அறையில் காற்றை வெளியேற்றும் இடைப்பட்ட நேரத்தில் பீசோவுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்காதீர்கள். முழுக் காற்றிலும் முழு வெற்றிடத்திலும் தாங்கும் இடைவெளிகள், இடைப்பட்ட அழுத்தத்தில் சில நூறு வோல்ட்டிலேயே மின்பொறி விட்டுவிடும். சுற்றுப்பாதைக்குப் போன பிறகும், கருவிக்குள் அடைந்திருக்கும் வாயு முழுதும் வெளியேறச் சில நாள் கொடுத்துவிட்டே முதல்முறை இயக்க வேண்டும்.

கதிரியக்கத்தைப் பொறுத்தவரை, தாழ் சுற்றுப்பாதையில் உருக்கிய சிலிக்கா ஆடிகள் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. லென்ஸுகளின் சாதாரணக் கண்ணாடி பழுப்பேறலாம் என்பதால், முன்னால் நிற்கும் லென்ஸுக்கு சீரியம் கலந்த கண்ணாடியைக் கேளுங்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது மின்தேக்குத்திறனை அளக்கும் சில்லுவைப் பற்றித்தான். ஒற்றைத் துகள் தாக்கி அது சிக்கிக்கொண்டால், மிகையான மின்னோட்டத்தைக் கண்டறிந்து அணைத்து மீண்டும் இயக்கும் காவல் சுற்று வேண்டும். அப்படி அணையும்போது ஆடிகள் தாமாக விலகி நிற்கும் என்பது முன்சொன்ன ஓய்வு இடைவெளியால் கிடைக்கும் இன்னொரு பயன்.

சுற்றுப்பாதையில் சரிபார்த்தல்

கருவிக்குள் ஒரு வெள்ளை எல்இடியும் அதன் முன்னால் அருமண் தனிமங்கள் கலந்த டிடிமியம் கண்ணாடித் துண்டும் வையுங்கள். எல்இடியின் நிறம் வெப்பநிலையால் மாறினாலும், அத்தனிமங்கள் ஒளியை உறிஞ்சும் பட்டைகள் அவ்வளவாக நகர்வதில்லை. 585 நானோமீட்டரை ஒட்டிய ஆழமான பட்டையை வடிப்பானால் அலைநீளம் அலைநீளமாக அலகிட்டால் நகர்வு தெரிந்துவிடும். சிவப்பு முனைக்கு, வளிமண்டல ஆக்சிஜன் 760 நானோமீட்டரில் ஏற்படுத்தும் உறிஞ்சலைப் பாலைவனம் போன்ற சீரான நிலப்பரப்பின் மேல் அலகிட்டுக் கொள்ளலாம். 10 நானோமீட்டர் பட்டையில் அந்தப் பள்ளம் ஆழமாகத் தெரியாது. பல அலகீடுகளைச் சேர்த்து, கணித்த நிறமாலையோடு பொருத்தினால் மையம் கிடைக்கும். இவ்விரண்டு புள்ளிகளில் இருந்து கிடைக்கும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ள, அலைநீளத்துக்கும் மின்தேக்குத்திறனுக்கும் இடையிலான அட்டவணை தரையில் இருந்து மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதை மென்பொருளுக்குள் நிலையான எண்களாக எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு படத்தோடும் அந்தக் கணத்தின் மூன்று மின்தேக்குத்திறன் அளவுகளையும், ஆடிச் சட்டத்தின் வெப்பநிலையையும், பயன்படுத்திய அட்டவணையின் எண்ணையும் சேர்த்தே தரையிறக்குங்கள். சில பைட்டுகள் மட்டுமே கூடும், ஆறு மாதம் கழித்துப் பழைய படங்களை மீண்டும் திருத்த நேரும்போது அவை இல்லாமல் ஒன்றும் செய்ய இயலாது.